வேட்டி மூலையில் மலையாண்டி

படைப்புக்கு வைக்கிற வேட்டியைப் பெண்டாட்டி எடுக்க வேண்டும், துண்டைக் கூடப்பிறந்தவள் எடுக்க வேண்டும். இரண்டையும் நனைத்துக் காயப்போடுகிற உரிமையும் கூடப்பிறந்தவளுக்குத்தான். மலையாண்டி வீட்டில் நாலு தலைமுறையாக இப்படித்தான். ஏன் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. செத்துப்போனவருக்கு வருஷத்துக்கு ஒருநாள் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி வைத்து, பலகையில் புது வேட்டி துண்டை வைத்துக் கும்பிடுவார்கள். கும்பிட்டு முடிந்ததும் துணி மரப்பெட்டிக்குள் போய்விடும். அடுத்த வருஷப் படைப்புக்குத்தான் பெட்டியைத் திறப்பார்கள்.

மலையாண்டி செத்து இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் டீக்கடை வைத்திருந்தவர். இப்போது அந்தக் கடையில் டீ ஆற்றுவது அவர் பெண்டாட்டி அழகி. வெள்ளிக்கிழமை முதல் வருஷப் படைப்பு. புதன்கிழமையே மலையாண்டியின் அக்கா பொன்னம்மாள் கொடும்பாளூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பாதி நனைந்து வந்து இறங்கினாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. பைக்குள் தம்பிக்கு எடுத்த துண்டு, நெத்திலிக் கருவாடு, ஒரு கட்டு முருங்கைக்காய். கக்கத்தில் பேப்பர் சுற்றிய ஒரு பெரிய சாமான்.

தலையைத் துவட்டக்கூட இல்லை, முதல் வேலையாகப் பேப்பரைப் பிரித்தாள். மலையாண்டியின் படம். மகள் ப்ரியங்கா கல்யாணத்தில் எடுத்ததைப் பெரிசு பண்ணி, தங்கக் கலர் சட்டம் போட்டிருந்தாள்.

அந்தக் கல்யாண ஆல்பம் வந்த அன்றைக்கே அழகிக்குப் பிடிக்கவில்லை. மலையாண்டிக்கு உதட்டோரத்தில் ஆரம்பித்துத் தாடை, கன்னம் என்று வெண்புள்ளி படர்ந்திருந்தது. ஸ்டுடியோக்காரன் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டரில் அதையெல்லாம் அழித்துவிட்டு, முகம் முழுக்க ஒரே ரோஸ் கலரைப் பூசிவிட்டான். சுருக்கம் போயிற்று, கன்னத்து வெட்டுத் தழும்பு போயிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து ஆள் யாரோ போல நின்றுகொண்டிருந்தார் மலையாண்டி.

“இதத்தான் படைப்புல வைக்கணும். எந்தம்பி நல்ல மொகத்தோட இருக்கட்டும்த்தா. நாலு பங்காளி வந்து பாக்குற எடம்” என்றாள் பொன்னம்மாள்.

“இது அவுக மொகம் இல்ல மதினி.”

பொன்னம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. இவ்வளவு தூரம் மழையில் தூக்கிவந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்குமுன் இப்படியா சொல்வது என்று அழகிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் படத்தைச் சுவரில் மாட்ட அவள் ஆணி தேடவில்லை. பொன்னம்மாளும் கேட்கவில்லை. படம் அரிசி டிரம்மின் மேல் சாய்ந்து நின்றது. வேட்டியைப் பற்றி அழகி அப்போதே வாயைத் திறந்திருந்தால் வியாழக்கிழமை அந்தக் கூத்து நடந்தே இருக்காது. திறக்கவில்லை. புருஷன் வீட்டு ஆட்களிடம் எதையும் முந்திச் சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள்.

வேட்டி அலமாரியில் மடித்து இருந்தது. அதன் மூலையில் இருந்தார் நிஜமான மலையாண்டி.

அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் எதிர்க்கடையைச் சொல்ல வேண்டும். டீக்கடைக்கு நேர் எதிரே ஒரு எக்ஸ்ரே சென்டர் இருந்தது. டாக்டர் திருச்சிக்குப் போய்விட, நாலைந்து வருஷம் பூட்டிக் கிடந்தது. அதைச் செம்மல் வாடகைக்கு எடுத்தான். புதுக்கோட்டைக்காரன், முகூர்த்த மாதங்களில் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவன். மற்ற மாதங்களில் கம்ப்யூட்டர் இல்லாமல், பழைய காலத்து முறைகளில் படம் போட்டுப் பார்க்கிற கிறுக்கு. கனமான சுவர், ஈயத்தகடு அடித்த கதவு, உள்ளே சிவப்பு லைட். வெளிச்சம் படாமல் படம் கழுவ இதைவிட என்ன வேண்டும்? அவன் மட்டுமல்ல, சனி ஞாயிறில் யார் வேண்டுமானாலும் வந்து செய்து பார்க்கலாம் என்று போர்டு வைத்தான். விதைக்கடை ஆள் ஒருத்தர் வந்தார், தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் வந்தார், பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி டீச்சர் கலைமதி வந்தார். ஊர் அதற்கு இருட்டு ரூம் என்று பேர் வைத்தது.

உள்ளே நடக்கிற கூத்தை அழகி ஆரம்பத்தில் நம்பவே இல்லை. ஒருத்தர் பீட்ரூட் சாற்றைக் காகிதத்தில் தடவி, மேலே வேப்பிலையை வைத்து மாடி வெயிலில் நாலு நாள் போட்டுவைப்பார். இலை மட்டும் சிவப்பாக நிற்கும், மற்றதெல்லாம் வெளுத்துவிடும். ஒருத்தர் காகிதத்தை உப்புத் தண்ணீரில் முக்குவார். கலைமதி டீச்சர் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கிவந்து தட்டிக்கொண்டிருப்பார். கொழம்புல போடுறதையும் பேதிக்குக் குடுக்கிறதையும் வச்சுப் படம் போடுறாங்களாம் என்று அழகி சிரிப்பாள். மலையாண்டி மட்டும் சிரிக்க மாட்டார். இருட்டு ரூமுக்கு டீ கொண்டுபோவதென்றால் அழகியை விடமாட்டார், அவரேதான் போவார். கதவைத் தட்டினால், “இருங்கண்ணே, பேப்பர் வெளிய இருக்கு” என்று குரல் வரும். டீ ஆறும்வரை வாசலில் நிற்பார், முகம் சுளிக்க மாட்டார். உள்ளே போனால் அரைமணி நேரம் ஆகும் திரும்ப.

கடையில் அவர் மூக்குக்குக் கீழே துண்டைச் சுற்றிக்கொண்டுதான் டீ ஆற்றுவார். புதிதாக வருகிறவர்கள் பல்வலி என்று நினைப்பார்கள். வீட்டில் சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்து உட்காருவார். பன்னிரண்டு வருஷமாக இதே கதை. மகள் கல்யாண மேடையில் போட்டோவுக்காக ஒரு தடவை அவிழ்த்ததோடு சரி. அழகி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அந்தத் துண்டோடுதான் குடும்பம் நடத்தினாள் என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் ஒரு கிளாஸ் குறைகிறதென்று அவள் பின்னாலேயே எடுத்துக்கொண்டு இருட்டு ரூமுக்குப் போனாள். சிவப்பு லைட்டுக்கு அடியில் மலையாண்டி துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, செம்மலோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு புள்ளி இல்லை. அந்த வெளிச்சத்தில் கருப்பும் வெளுப்பும் ஒன்றாகிவிடும் என்று செம்மல் பிறகுதான் சொன்னான். அவளுக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. அவளைக் கட்டிக்கொண்ட மனுஷன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“இங்கிட்டு வந்தா எல்லா மொகமும் ஒண்ணுபோலத்தான்டி இருக்கு” என்றார்.

அழகிக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அந்த லைட்டில் அதுவும் தெரியவில்லை.

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில் செம்மல் கடையிலிருந்து ஒரு காலி டீத்தூள் டப்பாவைக் கேட்டு வாங்கிப்போனான். உள்ளே கருப்புப் பெயிண்ட் அடித்து, ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, அதன்மேல் கருப்பு டேப்பை ஒட்டி, இதுதான் கேமரா என்று கொண்டுவந்தான். உள்ளே படம் போடுகிற காகிதம் இருக்கிறதாம். டேப்பை எடுத்தால் வெளிச்சம் ஓட்டை வழியாகப் போய்க் காகிதத்தில் விழுமாம். ஆனால் மூன்று நிமிஷம் ஆடாமல் இருக்க வேண்டுமாம். யாராவது உட்காருங்கள் என்றான். போட்டோ என்றாலே எழுந்து போகிற மலையாண்டி, “என்னைய எடு” என்றார். அழகி காதை நம்பவில்லை.

“அந்த டப்பா நம்மள மொறச்சுப் பாக்கலடி” என்றார் அவளிடம். ஒரு கண்டிஷன் போட்டார், தன்னையும் வருகிற படத்தையும் போனில் எடுக்கக் கூடாது. செம்மல் சரி என்றான், கடைசிவரை அதை மீறவும் இல்லை.

உச்சி வெயில். துண்டை அவிழ்த்துப் பாய்லரின் மேல் போட்டுவிட்டு நின்றார். சும்மா நிற்க வராது அவருக்கு, கை பாட்டுக்கு டீயை ஆற்றிக்கொண்டே இருந்தது. தலை மட்டும் அசையவில்லை. இருட்டு ரூமில் மருந்துத் தட்டில் போட்டு ஆட்டியதும் காகிதத்தில் எல்லாம் தலைகீழாக வந்தது. வெளிச்சம் கருப்பாக, கருப்பு வெளிச்சமாக. நரைத்த தலை கன்னங்கரேல் என்று இருந்தது. முகம் வெள்ளை வெளேர், அதில் உதட்டோரமும் தாடையும் மட்டும் கருப்புத் திட்டு. இரண்டு கையும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை.

“ஏ அழகி, பாரு. வெள்ளக்காரன் மூஞ்சியில கருப்பு விழுந்திருக்கு” என்று இருமல் வரும்வரை சிரித்தார். இதை நேராக்கிப் படம் போடலாம் என்றான் செம்மல். இப்போது வேண்டாம், போட வேண்டிய அன்றைக்கு நானே சொல்கிறேன் என்றார் அவர்.

சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் விடிகாலையில் பாய்லரைப் பற்றவைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு.

ஒரு வருஷம் அந்தக் காகிதத்தை அழகி தொடவில்லை. படைப்பு நெருங்க நெருங்கத்தான், இனிமேல் யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. எடுத்துக்கொண்டு செம்மலிடம் போனாள். சுவரில் மாட்ட வேண்டாம், படைப்பு வேட்டியிலேயே போட முடியுமா என்று கேட்டாள். வருஷத்துக்கு ஒருநாள் பெட்டியைத் திறந்தால் ஆள் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

திங்கட்கிழமை செய்தார்கள். கஞ்சி போக அலசி உலர்த்திய வேட்டியின் மூலையில் செம்மல் பச்சையும் மஞ்சளுமாக ஒரு மருந்தைப் பூசி இருட்டிலேயே காயவைத்தான். காகிதத்தின் முதுகில் விளக்கெண்ணெய் தடவி, வெளிச்சம் ஊடுருவும்படி ஆக்கி, வேட்டியின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஐப்பசி வெயிலை நம்ப முடியுமா? வரும், போகும். கருவாடு காயப்போட்டவர்கள் காக்காய்க்குக் காவல் இருப்பதுபோல இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கால்மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டியது. அழகி சேலையைப் போட்டு மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். அதற்குள் ஒரு பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிட்டது.

வேட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எப்படியும் தண்ணீரில் அலசத்தான் வேண்டும். அலச அலச மஞ்சள் கரைந்து, நீல நிறத்தில் மலையாண்டி மேலே வந்தார். உதட்டோரத்தில் நீலம் ஏறாமல் துணி துணியாகவே நின்றது. காகிதம்தான் போய்விட்டது. ஈரத்தில் மருந்து அதில் ஒட்டி, கண்ணுக்கும் மூக்குக்கும் மேலே பெரிய நீலத் திட்டு விழுந்துவிட்டது.

“இந்தச் சாயம் ஏறுனா போகாதுக்கா. இனிமே இத வச்சு இன்னொண்ணு போட முடியாது. வேட்டியில இருக்கிறதுதான் ஒண்ணே ஒண்ணு” என்றான் செம்மல். தண்ணீர் படலாம், சோப்பு படக்கூடாது, சோடா ஆகவே ஆகாது என்றும் சொன்னான். பெட்டிக்குள் இருட்டில் கிடந்தால் இந்த நீலம் அப்படியே இருக்கும் என்றான். பெட்டிக்குத்தானே போகிறது, அங்கே யார் சோப்புப் போடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் அழகி. மூலை உள்ளே போகும்படி மடித்து அலமாரியில் வைத்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. நாலரை மணிக்குக் கடை திறக்கப்போன அழகி, கருணைக்கிழங்கை வேகப்போட்டு வரலாம் என்று பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். உள்கூடத்துக் கொடியில் வேட்டி தொங்கியது. பக்கத்தில் துண்டு. இரண்டும் பளிச்சென்று இருந்தன.

ஓடிப்போய் மூலையைப் பிடித்துப் பார்த்தாள். நீலம் இல்லை, முகம் இல்லை. குழாயடிச் சுவரில் தண்ணீர் வழிந்த தடம் போல லேசாக ஒரு துருக்கறை மட்டும் இருந்தது.

அடுப்படியிலிருந்து பொன்னம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நல்ல காரியம் செய்த சந்தோஷம் முகத்தில்.

“நல்லவேள நான் பாத்தேன். சொட்டு நீலத்தக் கலக்காம ஊத்திட்டியாக்கும், மூலையில திட்டா நின்னுச்சு. படைப்பு வேட்டியில கறை இருக்கலாமாத்தா? கொதிக்கிற தண்ணியில சலவை சோடாவப் போட்டு ஊற வச்சுத் தேச்சேன், இருந்த எடம் தெரியாமப் போயிருச்சு.”

வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிற வீட்டில் இந்தத் திட்டு விழாத துணி உண்டா? பொன்னம்மாள் மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை. ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது, அப்படியே தூக்கி வெந்நீரில் போட்டுவிட்டாள். ஆனால் அழகிக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் ஓடவில்லை. அரிசி டிரம்மின் மேல் சாய்ந்து நின்ற ரோஸ் கலர் முகம்தான் கண்ணில் பட்டது.

“வேணும்னே செஞ்சீகளா மதினி?”

“என்னத்த?”

“அதுல அவுக மொகம் இருந்துச்சு. ஒங்க தம்பி மொகம். இருந்தது அது ஒண்ணுதான்.”

பொன்னம்மாளுக்குப் புரியவில்லை. பிறகு அழகி தேம்பித் தேம்பி, டப்பா, காகிதம், மாடி வெயில் என்று துண்டு துண்டாகச் சொன்னதில் ஏதோ புரிந்தது. அவள் கொடியில் தொங்கிய வேட்டியையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அழகி வேட்டியை உருவி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்துக்கொண்டு மழையில் இறங்கினாள். திரும்பிப் பார்த்தபோது பொன்னம்மாள் குடையும் இல்லாமல், செருப்பும் இல்லாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

செம்மல் வேட்டி மூலையை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நீலம்தான் போயிருக்கிறது, அதை உண்டாக்கிய இரும்பு நூலுக்குள்ளேயே இருக்கிறது, துருக்கறையாகத் தெரிவது அதுதான் என்றான். கடுக்காய் ஊறிய தண்ணீரில் போட்டால் அந்த இரும்பு கருத்துக்கொண்டு மேலே வரும். கலைமதி டீச்சர் இரண்டு மூன்று படத்தை வேண்டுமென்றே சோடாவில் வெளுக்கவைத்து, பிறகு கடுக்காயில் கருக்கவைத்திருக்கிறார். ஆனால் டீச்சர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். நாட்டு மருந்துக் கடை மழைக்குத் திறக்கவில்லை. திருச்சிக்குப் போய் வாங்கி வரட்டுமா என்று சாவியை எடுத்தான்.

“கடுக்காயில என்ன இருக்கு தம்பி?” என்று கேட்டாள் அழகி.

“துவர்ப்புக்கா. அந்தத் துவர்ப்புத்தான் இரும்பப் பிடிக்கும்.”

“துவர்ப்புத்தானே? டீயில இல்லாத துவர்ப்பா?”

செம்மல் சாவியைக் கீழே வைத்தான். டீயிலும் செய்வார்கள், ஆனால் லேசாகத்தான் வரும் என்று இழுத்தான். என் கடை டீ லேசாக இருக்காது என்று சொல்லிவிட்டு அழகி தெருவைக் குறுக்கே தாண்டினாள்.

கடைப் பெஞ்சில் பங்காளி கருப்பையா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மலையாண்டிக்குப் பெரியப்பா மகன், தினம் நாலு டீ குடிக்கிறவர். ஒரு டீ போடு என்றார். டீ இல்லை என்றாள் அழகி. கொதிக்கிற பாய்லரையும் அவளையும் பார்த்துவிட்டு, கருப்பையா பேப்பரை மடித்து வைத்தார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே யாரும் கேட்காத பதில் அது.

முதலில் சோடா போக ஏழு தண்ணீர் அலசச் சொன்னான் செம்மல். குழாயடியில் பொன்னம்மாள்தான் உட்கார்ந்து அலசினாள், யாரையும் தொட விடவில்லை. அழகி அலுமினியக் குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரைப் பாக்கெட் டீத்தூளைக் கொட்டினாள். மலையாண்டி எப்படிப் போடுவாரோ அப்படி, முதல் கொதியில் இறக்காமல், மூடி வைத்து, மறுபடி கொதிக்கவைத்து, தூளைப் பிழிந்து எடுத்தாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டால் நாக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு துவர்ப்பு. ஆறவைத்து, வேட்டியின் மூலையை மட்டும் அதற்குள் இறக்கினாள். மற்றதைப் பொன்னம்மாள் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

கால்மணி நேரம் ஒன்றும் இல்லை. துணிதான் பழுத்துக்கொண்டு வந்தது. அழகி உள்ளுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இருக்கும்போதும் ஒளிஞ்சுக்கிட்டே இருந்தீக, இப்பவுமா என்று. செம்மல் துணியைப் புரட்டிவிட்டான். கருப்பையா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

முதலில் புருவம் வந்தது. அடுத்து கண். பின்னாலிருந்த பாய்லர் ஒரு கருப்புத் தூணாக எழும்பி வந்தது. பிறகு நெற்றி, மூக்கு, கன்னம். நீலத்தில் இருந்தபோது ஏதோ தண்ணீருக்குள் கிடக்கிறவர் போல இருந்தார். இப்போது டீ நிறத்தில், அவருடைய சொந்த நிறத்தில் இருந்தார். கன்னத்துத் தழும்பு இருந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் அதே புகை. உதட்டோரத்திலும் தாடையிலும் மட்டும் துணி கருக்கவில்லை. பால் கூடிய டீ போல வெளுப்பாக நின்றது.

அழகி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொன்னம்மாள் குண்டானுக்கு மேலே குனிந்தாள். மூக்கு டீயில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஈரத் துணியில் அந்த வெளுத்த இடத்தை ஒரு விரலால் தொட்டாள்.

“அப்படியே இருக்கான்” என்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், “நான்தான்த்தா சொன்னேன்” என்றாள்.

“என்ன மதினி சொன்னீக?”

“துண்டக் கட்டிக்கிறச் சொல்லி. எம்மகள பொண்ணு பாக்க வந்தாகள்ல, அன்னைக்கி. அப்பத்தான் ஒதட்டுல லேசா ஆரம்பிச்சிருந்துச்சு. வந்தவுக ஏதும் நெனச்சுக்கிருவாகளோன்னு, இந்த ஒருநாளைக்கு மட்டும் கட்டிக்கிறப்பான்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே கட்டுனான். அப்புறம் அவன் அவுக்கவே இல்ல. அவுத்துருன்னு சொல்ல எனக்கும் வாய் வரல.”

பன்னிரண்டு வருஷம். சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட முதுகு அழகிக்கு ஞாபகம் வந்தது. கோபம் குபீரென்று ஏறியது. இந்த வார்த்தையை அவர் உயிரோடு இருந்தபோது வந்து சொல்லியிருந்தால் என்ன என்று கேட்க வாயெடுத்தாள். அப்போதுதான் துணியைப் பிடித்திருந்த பொன்னம்மாளின் கையைப் பார்த்தாள். கொதிக்கிற சோடாத் தண்ணீரில் போட்டுத் தேய்த்ததில் விரல் பத்தும் சிவந்து, நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. தம்பி வேட்டியில் ஒரு கறை இருக்கக்கூடாதென்று தேய்த்த கை. அழகி தேங்காயெண்ணெயை எடுத்து வந்து, அந்தக் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டாள். கருப்பையா பெஞ்சுக்குத் திரும்பிப்போய் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேட்டியைத் தண்ணீரில் அலசி, அன்று முழுக்கப் பாய்லர் சூட்டுக்குப் பக்கத்தில் காயவைத்தார்கள். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் மாஸ்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். புள்ளியைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. கை ஏன் புகையாக இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார் என்றாள் அழகி.

வெள்ளிக்கிழமை மழை வெறித்திருந்தது. ப்ரியங்காவும் மாப்பிள்ளையும் திருப்பூரிலிருந்து காலை பஸ்ஸுக்கு வந்தார்கள். கோழிக் குழம்பு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, கருணைக்கிழங்கு மசியல், மசால் வடை என்று மலையாண்டிக்குப் பிடித்ததெல்லாம் இலையில் ஏறியது. தங்கக் கலர் சட்டம் போட்ட படத்தைப் பொன்னம்மாளே எடுத்துப் பழையபடி பேப்பர் சுற்றித் தன் பையில் வைத்துவிட்டாள். பலகையில் வேட்டியை அவள்தான் வைத்தாள், மூலை மேலே தெரியும்படி மடித்து. பங்காளிகள் சுற்றி நின்றார்கள்.

சூடம் ஏற்றப்போன கருப்பையா பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். படைப்பு முறை தெரிந்தவர், ஒன்று குறைந்தாலும் விடமாட்டார்.

“வேட்டி இருக்கு. துண்டு எங்க?”

அழகிக்கும் அது அப்போதுதான் உறைத்தது. அடுப்படிக்குத் திரும்பினாள். பொன்னம்மாள் கொண்டுவந்த புதுத் துண்டு அடுப்பு மேடையில் கிடந்தது. ஒரு மூலையில் மஞ்சள் தடவியிருந்தது, இன்னொரு மூலையில் கரி ஒட்டியிருந்தது. குழம்புச் சட்டியை அதை வைத்துத்தான் பிடித்து இறக்கியிருக்கிறாள்.

“துண்டு கெடையாது” என்றாள் பொன்னம்மாள். “இனி எந்த வருசமும் கெடையாது. எந்தம்பி மொகம் தெரியட்டும்.”

கருப்பையா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். வேட்டி மூலையைப் பார்த்தார். பிறகு சூடத்தை ஏற்றினார். அழகி அன்றைக்கு ஆற்றிய முதல் டீயை இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு, பொன்னம்மாளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.